97 முதல் 112 வரை

ஜூன் 12, புதன்

போர்வெல் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஆறு மாதம் பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்ததற்குக் காரணம் எங்கள் பள்ளி முதல்வர் சுலோசனா மேடம்.

போன வருடம் ஒரு பேய்க்கதையைப் படித்துவிட்டு ஏழாம் வகுப்புப் பெண்ணொருத்தி ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து சத்தம் போட்டார். அதனால் இந்த வருடம் புது ஏற்பாடு. ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு ஏற்ற இருபது நாவல்களை நூலகர் கோகிலவாணி, அதாவது நான், தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். 'இந்நூலை முழுவதும் படித்தேன். மாணவியர் படிக்க உகந்தது.' கீழே என் கையெழுத்து, பள்ளி முத்திரை. ஜூலை எட்டாம் தேதி தாளாளர் ஐயா வந்து பட்டியலை வெளியிடுவார்.

"தினமும் என்ன படிச்சீங்கன்னு எழுதி வைங்க கோகிலா. பின்னால யாரும் வாய் பேசக் கூடாது" என்றார்.

இருபது நாவல், இருபத்தாறு நாள். எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் பத்துப் பக்கம், கடைசிப் பத்துப் பக்கம், நடுவில் கை போன இடத்தில் இரண்டு பக்கம். பதினைந்து வருட அனுபவத்துக்கு அது போதும். மேடத்துக்குக் காட்டத் தனி நோட்டு போட்டுக்கொள்கிறேன். இந்த டைரி எனக்கு.

ஜூன் 14, வெள்ளி

நாலு நாவல்களை ஒயர் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டை முடித்தேன், என் முறையில்.

பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டால், "மாடு தண்ணி குடிக்குமுங்க, அதுக்கு நானென்ன பண்றதுங்க" என்கிறார். சிரிக்கவேண்டுமாம் நான்.

மதியம் ரிஜிஸ்டர் தபால் ஒன்று வந்ததாம். பக்கத்து வீட்டு அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். ஈரோட்டு முகவரி. அவசரம் ஒன்றும் இருக்காது. பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

தாரிகா வழக்கம்போல, "அப்பா இந்த வாரம் வர்றாங்களாம்மா?" என்று கேட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பாள். "ஓசூர்ல வேலை ஜாஸ்தியாம் சாமி" என்றேன். "சரிம்மா" என்று போய்விட்டாள். எங்கள் பள்ளியிலேயே எட்டாம் வகுப்பு வந்தும் குழந்தைதான். சொன்னதை நம்புகிறாள். அந்த ஒரு நிம்மதி எனக்கு இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

சான்றுத் தாள் ஒட்டிய புத்தகங்களை இன்று மேஜையில் அடுக்கினேன். 'தகரக் கப்பல் மர்மம்' நாவலுக்குள் ஒரு சீட்டு. தினசரிக் காலண்டர் தாளைப் பாதியாகக் கிழித்து, பின்பக்கம் எழுதியிருந்தது. எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்து, யாரோ வேண்டுமென்றே கோணலாக எழுதியது போல.

'ஏழாம் வகுப்புக்கு இது போதும். எட்டாம் வகுப்பு எடுக்காதீர்கள். முப்பதாம் பக்கத்திலேயே திருடன் யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் நூற்றைம்பது பக்கம் சும்மா ஓடுகிறார்கள்.'

பெயர் இல்லை. யாருக்கு இந்தத் துணிச்சல்?

காலண்டரை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அது நகைக்கடைக் காலண்டர். எங்கள் ஊர் கோபியில் அது மாட்டாத வீடு எது? எங்கள் வீட்டிலும் அதுதான் தொங்குகிறது.

ஜூன் 20, வியாழன்

இன்னும் மூன்று சீட்டுகள். ஒன்றில், 'இதில் வரும் அண்ணன் அறிவுரை சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவன் பேசும் இடத்தையெல்லாம் தாண்டிவிட்டுப் படித்தால் நல்ல கதை.' இன்னொன்றில், 'பக்கம் 61-ல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வகுப்பில் வைத்துப் படிக்காதீர்கள்.'

விஷயம் பரவிவிட்டது. இடைவேளையில் பெண்கள் கூட்டமாக வந்து, "மிஸ், சீட்டு இருக்கற புக் குடுங்க மிஸ்" என்கிறார்கள். சான்றுத் தாளைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. பதினைந்து வருடத்தில் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை என்பது உண்மைதான். அதற்காக?

எனக்கு எழிலரசி மேல்தான் கண். போன ஆகஸ்டில் தமிழ் எடுக்க வந்தவள். தற்காலிக வேலை, வயது இருபத்தாறு. சாப்பாட்டு நேரத்தில்கூட அலமாரிக்கு நடுவில் நின்று படித்துக்கொண்டிருப்பாள். இன்று ஒரு சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்லா எழுதியிருக்காங்க இல்லீங்க்கா? எங்க கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் இதைத்தான் பேசுது."

"உனக்குத் தெரிஞ்ச கையெழுத்தா?"

"தெரிஞ்சா பேனா வாங்கிக் குடுத்திருப்பனே" என்றாள்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

ஜூன் 22, சனி

தாரிகா காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனால் ஒரு மணி நேரம் ஆகிறது. எட்டு உருப்படித் துணிக்கு ஒரு மணி நேரம். எதிர்வீட்டு மாடியில் காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் டம்பிள்ஸ் தூக்குகிறான். கீழே இருந்து, "அம்மிணி, அங்க என்ன பண்ற?" என்று சத்தம் போட்டேன். "வர்றம்மா, வந்துட்டே இருக்கேன்" என்றாள். வந்தபோது துணி மூட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். ஏன் அப்படிப் பிடிக்கவேண்டும்?

இன்னும் ஆறு நாவல் பாக்கி. கூடை எங்கே என்று தேடினால் ஹாலில் இருந்தது. சமையலறையில் வைத்த ஞாபகம்.

ஜூன் 24, திங்கள்

மோசமான நாள்.

'வீரனும் நானும்' என்ற நாவலுக்குப் போன வாரம் சான்று கொடுத்திருந்தேன். ஒரு சிறுமியும் அவள் நாயும். முதல் பத்துப் பக்கம் விளையாட்டு. கடைசிப் பத்துப் பக்கத்திலும் சிறுமியும் நாயும் வாய்க்கால் கரையில் ஓடுகிறார்கள். நல்ல முடிவு என்று முத்திரை குத்திவிட்டேன்.

ஏழாம் வகுப்பு யாழிசை இன்று அழுத கண்ணோடு வந்தாள். அவர்கள் வீட்டு நாய் போன மாதம்தான் வண்டியில் அடிபட்டது.

"மிஸ், எண்பத்தெட்டாம் பக்கத்துல வீரன் செத்துப்போயிடுதுங்க மிஸ். கடைசியில வர்றது வேற நாயிங்க. நீங்க முழுசா படிச்சீங்கல்ல? ஏன் மிஸ் சொல்லல?"

"வாழ்க்கைன்னா எல்லாந்தான் இருக்கும் கண்ணு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் போன பிறகு இன்னொரு பிரதியைத் திறந்தால், உள்ளே சீட்டு. 'வீட்டில் நாய் இருப்பவர்கள், நாயை இழந்தவர்கள் இப்போது படிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்துப் படியுங்கள். கட்டாயம் படியுங்கள்.' யாழிசைக்கு அந்தப் பிரதி போயிருந்தால் தப்பித்திருப்பாள்.

இதில் எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மாலையில் 'ஏழு நாற்பது பஸ்' நாவலுக்குக் கையெழுத்துப் போட்டேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் காத்திருக்கும் கதை. சாதுவான கதை. நடுவில் பிரித்துப் பார்க்க நேரமில்லை.

ஜூன் 27, வியாழன்

மேடம் கையில் ஒரு சீட்டு சிக்கிவிட்டது. 'நூலகர் நல்ல கதை என்கிறார். முதலும் முடிவும் மட்டும்தான் நல்ல கதை' என்று இருந்ததாம் அதில். என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரோ லிஸ்ட்டைக் கெடுக்கணும்னே வேலை பண்றாங்க. பிள்ளைங்கன்னா டீ.சி. கிழிச்சுக் கையில குடுத்திடுவேன். டீச்சர்னா மறுநாள் வர வேண்டியதில்லை. உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். பெயரைச் சொன்னேன்.

ஜூன் 28, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. தாரிகா கேட்டாள். வேலை ஜாஸ்தி என்றேன். சரிம்மா என்றாள்.

ஜூலை 1, திங்கள்

எழிலரசியை மேடம் விசாரித்தாராம். எட்டாம் தேதி தாளாளர் முடிவு சொல்லும்வரை வகுப்பு எடுக்கலாம், அதற்கு மேல் உறுதியில்லை என்று சொல்லிவிட்டார். ஆயா பழனாத்தா வந்து, "அந்தப் புள்ள பாத்ரூம்ல நின்னு அழுவுதுங் கண்ணு" என்றார். என்னிடம் ஏன் சொல்லவேண்டும்? நானா அழச் சொன்னேன்?

சாயங்காலம் அவளே வந்தாள். எடுத்திருந்த நாலு புத்தகங்களையும் மேஜையில் வைத்தாள்.

"நீங்க என் பேரைச் சொன்னீங்களான்னு கேக்க மாட்டேங்க்கா. ஆனா ஒண்ணு. அந்தச் சீட்டெல்லாம் நான் எழுதியிருந்தா எனக்குப் பெருமையா இருந்திருக்கும். எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தவே நேரம் போதலீங்க. அது ஒவ்வொரு பக்கத்தையும் விடாமப் படிச்சவங்க எழுதுனது."

புத்தகங்களை வரவு வைத்துக்கொண்டேன். நல்ல நடிப்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது எழுதும்போது அந்த நினைப்பு அவ்வளவு தெம்பாக இல்லை.

வீட்டுக்கு வந்து தாரிகா பையைச் சோதித்தேன். பெற்றவள் சோதிப்பதில் தப்பில்லை. கடிதம் ஏதும் இல்லை, போன் இல்லை. ஜாமெட்ரி பாக்ஸ், புளித்த எலுமிச்சை சாதம், ஒரு ஸ்டீல் ஸ்கேல். ஸ்கேல் ஓரத்தில் வெள்ளையாகக் காகிதப் பொடி ஒட்டியிருந்தது. துடைத்து வைத்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

காலையில் 'ஏழு நாற்பது பஸ்' புத்தகத்தைக் கூடையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். சீட்டு நீட்டிக்கொண்டு நின்றது.

'97 முதல் 112 வரை பக்கங்கள் மேலே ஒட்டியே இருந்தன. பிரிக்கவே இல்லை. ஆனால் முழுவதும் படித்ததாகக் கையெழுத்து இருக்கிறது. நான் ஸ்கேல் வைத்துப் பிரித்துப் படித்தேன். இந்தக் கதையே அந்தப் பதினாறு பக்கத்தில்தான் இருக்கிறது.'

புத்தகத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சடித்து மடிப்பார்கள். பைண்டிங்கில் ஓரம் வெட்டும்போது ஒரு மடிப்பு உள்ளே தள்ளிப்போனால் அது வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டே வரும். படிக்கிறவர்தான் பிரிக்கவேண்டும். பிரிக்காத புத்தகத்துக்கு நான் சான்று கொடுத்திருக்கிறேன். அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். காகிதம் மெல்லிய பஞ்சு மாதிரி எழும்பியிருந்தது.

அதன் பிறகுதான் உறைத்தது. இந்தப் புத்தகம் இன்னும் அலமாரிக்கே போகவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை. எழிலரசி தொட்டதுகூட இல்லை. என் ஒயர் கூடையில் வீட்டுக்குப் போனது, வீட்டிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

சீட்டு வந்த மற்ற புத்தகங்களை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் அந்தக் கூடையில் வந்தவை.

வீட்டில் கிழித்த காலண்டர் தாள்களைக் கடைச்சாமான் எழுத ஒரு கிளிப்பில் மாட்டி வைப்பேன். போய்ப் பார்த்தேன். சீட்டுகளில் இருந்த தேதிகளெல்லாம் கிளிப்பில் இல்லை. கூடவே இன்னொரு தேதியும் இல்லை. ஜூன் 16. அந்தத் தேதிச் சீட்டு எந்தப் புத்தகத்திலும் வரவில்லை.

தாரிகா டியூஷன் முடிந்து வந்தாள். தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூலை 4, வியாழன்

பதினாறு பக்கத்தையும் படித்தேன். தாரிகா மொட்டை மாடியில் நிற்கும் இடத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தேன். அங்கிருந்து எதிர்வீட்டு மாடி தெரியவே தெரியாது.

கதையில் வரும் பெண்ணுக்கு வயது பதிமூன்று. அவள் அப்பா வெளியூரில் வேலை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு நாற்பது பஸ்ஸுக்குப் போய் நிற்கிறாள். 99-ஆம் பக்கத்தில் அப்பாவைச் சந்தையில் பார்த்துவிடுகிறாள். அவர் கையில் வேறொரு குழந்தையின் பள்ளிப் பை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். போகாவிட்டால் தனக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்துபோகும். அம்மாவுக்காகத்தான் போய் நிற்கிறாள்.

104-ஆம் பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடு. நூலகப் புத்தகத்தில் கோடு போட்டால் நான் அபராதம் போடுவேன்.

எட்டு மாத வெள்ளிக்கிழமைகள். 'அப்பா இந்த வாரம் வர்றாங்களாம்மா?' 'சரிம்மா.' நான் நிம்மதிப்பட்டேன் என்று இந்த டைரியிலேயே எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஓசூரில் அவர் இல்லை. எழுதிவிட்டேன். ஓசூரில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஜூலை 5, வெள்ளி

நாள் முழுக்க கணக்குப் போட்டேன். வாயைத் திறந்தால் தாரிகாவுக்கு டீ.சி. திறக்காவிட்டால் எழிலரசி வீட்டுக்குப் போவாள். சீட்டையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்றும் தோன்றியது. ஆமாம், தோன்றியது. அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அப்பா இந்த வாரம் வர்றாங்களாம்மா?"

"வர மாட்டாங்க சாமி."

வேலை என்று நான் சேர்க்கவில்லை. அவள் கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டாள். நெடுந்தூரம் குடத்தைச் சுமந்து வந்தவள் இறக்கி வைப்பது போல.

"சரிம்மா" என்றாள். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "அடுத்த வாரம் நான் கேக்க வேண்டாமில்ல?" என்றாள்.

"வேண்டாம் கண்ணு."

சீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு பேருமாக உளுந்து ஊறப் போட்டோம்.

ஜூலை 7, ஞாயிறு

இரண்டு நாளில் மூன்று நாவல்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை. துணி துவைக்கவில்லை. வீரன் செத்த இடத்தில் அழுதேன். கதையில் வரும் நாய்க்காக நான் அழுவேன் என்று எனக்கே தெரியாது. 61-ஆம் பக்கத்தில் சிரித்தேன். அடுத்த அறையிலிருந்து தாரிகா, "அறுபத்தி ஒண்ணா?" என்று கேட்டாள்.

ஜூலை 8, திங்கள்

தாளாளர் ஐயா பத்தரைக்கு வந்தார். பட்டியலை நீட்டச் சொன்னார் மேடம். எழிலரசி கதவோரம் நின்றாள்.

"ஐயா, இந்தப் பட்டியல் வேண்டாமுங்க. இருபதுல நான் முழுசாப் படிச்சது மூணுதானுங்க. அதுவும் இந்தச் சனி ஞாயிறுல. மத்ததுக்கெல்லாம் பொய்க் கையெழுத்துங்க. எழிலரசி மேல நான் சொன்னதும் பொய்யிங்க. சீட்டு எழுதுனது என் மக. எட்டாம் வகுப்பு 'பி'. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போன புத்தகத்தை நான் படிக்கல, அவ படிச்சா."

மேடம் முகம் சிவந்துவிட்டது. தாளாளர் சீட்டுகளைக் கேட்டார். ஒவ்வொன்றாகப் படித்தார். நாய்ச் சீட்டை இரண்டு தரம் படித்தார்.

"அந்தப் பேய்க்கதைக்கும் இப்படி ஒரு சீட்டு இருந்திருந்தா காய்ச்சல் வந்திருக்காதுல்லம்மா?" என்று மேடத்திடம் கேட்டார்.

எனக்கு மெமோ. சம்பள உயர்வு இந்த வருடம் கிடையாது. எழிலரசிக்கு வேலை இருக்கிறது. எழுத்தில் மன்னிப்புக் கடிதம் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்க நாளாகும், ஆகட்டும். தாரிகாவுக்கு டீ.சி. இல்லை, ஒரு மாதம் நூலகத்துக்குள் வரக்கூடாது. அந்தத் தண்டனையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கூடை எப்படியும் வீட்டுக்குத்தானே போகிறது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து அந்த ரிஜிஸ்டர் தபாலை எடுத்தேன். வக்கீல் நோட்டீஸ் என்று மேலேயே அச்சடித்திருக்கிறது. அவர்தான் அனுப்பியிருக்கிறார் என்று வந்த அன்றே எனக்குத் தெரியும்.

கிழிக்கப் போனேன். கிழிக்க ஒன்றும் இல்லை. கவரின் மேல் ஓரம் நேராகப் பிரிந்திருந்தது. காகிதம் மெல்லிய பஞ்சு மாதிரி எழும்பியிருந்தது.

உள்ளே மூன்று தாள்கள். அவற்றுக்கு முன்னால் ஒரு காலண்டர் சீட்டு. ஜூன் 16, ஞாயிறு. அவளுடைய சொந்தக் கையெழுத்தில், சாய்க்காமல், நேராக எழுதியிருந்தது.

'மொத்தம் மூன்று பக்கம். இரண்டாம் பக்கம் ரொம்பக் கஷ்டமாக இருக்கும். தனியாகப் படிக்காதே அம்மா. என்னைக் கூப்பிடு.'

கூப்பிட்டேன்.